மூட வேண்டிய நேரத்தில் மூடுமா?

2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. லண்டனுக்கு வடக்கே ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரை ஒட்டிய பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் ஒரு பெட்ரோல் தொட்டி நிரம்பி வழியத் தொடங்கியது. மட்டம் காட்டும் கருவி 3 மணியளவிலேயே சிக்கிக்கொண்டுவிட்டதால், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு இது தெரியவில்லை.

இத்தகைய தருணத்துக்கென்றே தொட்டியின் உச்சியில் தனியாக ஒரு சுவிட்ச் பொருத்தப்பட்டிருந்தது. பெட்ரோல் அந்த உயரத்தைத் தொட்டால் எச்சரிக்கை ஒலித்து, வால்வுகள் தாமாகவே மூடி, வரத்து நின்றிருக்க வேண்டும். சுவிட்ச் இயங்கவில்லை. இரண்டரை லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட பெட்ரோல் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, காலை 6.01 மணிக்கு வெடித்தது. 43 பேர் காயமடைந்தனர். வேலைநாளின் பகற்பொழுதாக இருந்திருந்தால் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கும்.

சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, எரிவாயுக் குழாய்ப்பாதை என ஆபத்தான பொருள்களைக் கையாளும் பல இடங்களில் இத்தகைய அவசரகால மூடல் வால்வுகள் உள்ளன. இவற்றின் அடிப்படை எளிது. வலுவான ஒரு ஸ்பிரிங் வால்வை எப்போதும் மூடவே முயல்கிறது. அழுத்தப்பட்ட காற்று அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் காற்றை உள்ளே நிறுத்தி வைப்பது மின்சாரத்தில் இயங்கும் சிறியதொரு சோலனாய்டு வால்வு. மின்சாரம் போனாலும், காற்றுக் குழாய் உடைந்தாலும், ஆபத்தை உணர்ந்து கணினி ஆணையிட்டாலும் முடிவு ஒன்றே: காற்று வெளியேறும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும்.

ரயிலின் காற்று பிரேக்கும் ஏறத்தாழ இதே தத்துவத்தில் இயங்குகிறது. பெட்டிகள் கழன்று குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும். ஆனாலும், பிரேக்கைச் சோதிக்காமல் ரயிலைப் புறப்பட விடுவதில்லை.

தானாகவே பாதுகாப்பின் பக்கம் சாயும் கருவியை ஏன் சோதிக்க வேண்டும்? ஸ்பிரிங்குக்கும் வால்வுக்கும் இடையே உள்ள எதுவும் பழுதாகலாம் என்பதே காரணம். ஆண்டுக்கணக்கில் அசையாமல் திறந்தே நிற்கும் வால்வில் படிவுகள் சேர்ந்து இறுகிப்போகும். காற்று வெளியேற வேண்டிய துளையைப் பூச்சிக்கூடோ வண்ணப்பூச்சோ அடைத்துவிடும். ஸ்பிரிங் துருவேறி வலுவிழக்கும். இவை எதுவும் அன்றாட உற்பத்தியைப் பாதிப்பதில்லை. ஓடும் பம்பு பழுதானால் அந்த நொடியே தெரிந்துவிடும். மூட இயலாத வால்வு, மூட வேண்டிய நாள்வரை நல்ல வால்வைப் போலவே காட்சியளிக்கும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. சராசரியாக 100 ஆண்டுக்கு ஒருமுறை இவ்வாறு மறைவாகப் பழுதாகும் வால்வு ஒன்றைக் கற்பனை செய்வோம். அதை ஆண்டுதோறும் முழுமையாகச் சோதித்துப் பழுது நீக்கினால், தேவைப்படும்போது அது செயல்படாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 200-ல் ஒன்று. சோதனையை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எனத் தள்ளிப்போட்டால் அதே வாய்ப்பு 50-ல் ஒன்றாகிவிடும். வால்வு அதேதான், ஆபத்து மட்டும் நான்கு மடங்கு.

முழுச் சோதனைக்குப் பல வேளைகளில் ஆலையை நிறுத்த வேண்டும். அதைத் தவிர்க்க, ஓட்டத்தின்போதே வால்வைச் சிறிதளவு மட்டும் அசைத்துப் பார்க்கும் பகுதிச் சோதனை வழக்கத்தில் உள்ளது. வால்வு இறுகிவிட்டதா என்பதை அது காட்டும். முழுவதுமாக மூடுமா, மூடிய பின் கசியாதா என்பதைக் காட்டாது. ஆகவே அது முழுச் சோதனைக்குத் துணையே தவிர, மாற்று ஆகாது.

சோதிக்கும் முறையிலும் நேர்மை வேண்டும். சோதனைக்கு முதல் நாள் எண்ணெயிட்டு, இருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் "சரியாக உள்ளது" என்று எழுதுவது தேர்வுக்கு முன்பே வினாத்தாளைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். வால்வு எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே மின்சாரத்தையும் காற்றையும் தனித்தனியே துண்டித்துப் பார்க்க வேண்டும். மூட எத்தனை நொடிகள் ஆயின, மூடிய பின் கசிவு உண்டா என்பவற்றை அளந்து எழுத வேண்டும். தோல்வியைப் பதிவு செய்யும் தொழிலாளியைக் கடிந்துகொள்ளும் ஆலையில் உண்மையான பதிவேடு இருக்காது.

சோதனை முடிந்ததும் கருவியைப் பழைய நிலைக்குத் திருப்புவது இறுதிக் கடமை. பன்ஸ்ஃபீல்டு சுவிட்ச் தவறியது இங்கேதான். அதில் சோதனைக்கென ஒரு நெம்புகோல் இருந்தது. அதை இயங்குநிலையில் நிறுத்தி வைக்க ஒரு பூட்டு தேவைப்பட்டது. யாரும் கைவைக்காமல் தடுப்பதற்கே அந்தப் பூட்டு என்று பணியாளர்கள் எண்ணியதால் அது மாட்டப்படவில்லை. சோதிப்பதற்கென்று வைத்த நெம்புகோலே சுவிட்சைச் செயலற்றதாக்கியது.

நம் நாட்டின் பாடமும் கண்முன்னே உள்ளது. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் கசிந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பரவி, வெடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வால்வைத் தொலைவிலிருந்து மூடும் வசதி செயல்படாமல் இருந்ததை விசாரணைக் குழு முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சுட்டிக்காட்டியது.

அபாயகரமான இரசாயனங்களைக் கையாளும் பெரிய ஆலைகளுக்குப் பாதுகாப்புத் தணிக்கையும் அவசரகாலத் திட்டமும் 1989-ஆம் ஆண்டின் விதிகளின்கீழ் கட்டாயம். தணிக்கைக்குச் செல்வோர் வால்வு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்கக் கூடாது. கடைசியாக எப்போது அது முழுமையாக மூடப்பட்டது, எத்தனை நொடிகளில் மூடியது, தள்ளிப்போடப்பட்ட சோதனைகள் எத்தனை, அவற்றுக்கு ஒப்புதல் அளித்தவர் யார் என்று கேட்க வேண்டும். ஆலைச் சுவருக்கு வெளியே வாழ்பவர்கள் அந்த வால்வைப் பார்த்திருக்கமாட்டார்கள். எனினும் அவர்களது உயிருக்கும் அதுவே காவல்.