கப்பலில் வந்த நஞ்சு கப்பலிலேயே திரும்பட்டும்: அந்தமானின் அபாயக் கழிவுகள்

படகு இன்ஜினின் அடித்திருகைக் கழற்றினால், தார்போல் கறுத்த ஆயில் கேனில் வந்து விழுகிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? சென்னையில் என்றால் மறுசுத்திகரிப்பு ஆலைக்கு லாரியிலேயே போய்விடும். போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில்) இருப்பவருக்கு நடுவே வங்கக் கடல் கிடக்கிறது. சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அந்தமான் நிக்கோபாரின் அபாயக் கழிவுச் சிக்கல் இந்தத் தூரத்தில்தான் தொடங்குகிறது.

எது அபாயக் கழிவு?

நச்சுத்தன்மை, எளிதில் தீப்பற்றுதல், அரித்தல், வெடித்தல் ஆகிய குணங்களில் ஏதேனும் ஒன்றால் உடலுக்கோ சூழலுக்கோ கேடு செய்யும் கழிவை, 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள் அபாயக் கழிவு என வகைப்படுத்துகின்றன. பெரிய ரசாயன ஆலைகள் இல்லாத தீவுகளில் இது எப்படிச் சேரும் என்று தோன்றலாம். தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது. அவற்றிலும் படகுகளிலும் வாகனங்களிலும் மாற்றப்படும் பழைய ஆயில் அந்த விதிகளின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி, மின்னணுக் குப்பை, மருத்துவக் கழிவு ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. விதி வேறானாலும் அவை செய்யும் கேடு குறைந்துவிடாது.

என்ன கேடு?

இன்ஜினில் ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத் துகள்களும் புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஹைட்ரோகார்பன்களும் சேர்ந்திருக்கும். கரையான் அரிக்காமல் இருக்க அதை மரத்தில் பூசும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. வெறும் கையால் பூசுகிறவரின் தோலில் அது படிகிறது. மழையில் கழுவப்பட்டு மண்ணுக்கும் போகிறது. அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேல் நீட்டும் மூச்சு வேர்களில் எண்ணெய் படிந்தால் மரம் மூச்சுத் திணறிப் பட்டுப்போகும். அந்தமான் நிக்கோபாரில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் அலையாத்திக் காடு இருக்கிறது. மீன் குஞ்சுகளுக்கு அதுவே தொட்டில்.

பேட்டரியில் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். டியூப்லைட்டில் உள்ள பாதரசம் நீரில் கலந்து, நுண்ணுயிர்களால் உருமாறி, மீன் வழியாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 1956-இல் வெளிப்பட்ட கொடிய நரம்பு நோய்க்கு, ஆலைக் கழிவில் வந்த பாதரசம் மீனில் சேர்ந்ததே காரணம். தினமும் மீன் உண்ணும் தீவு மக்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

அங்கேயே புதைத்தால் என்ன?

மருத்துவக் கழிவு விதிகளைப் பார்த்தாலே விடை தெரியும். பொதுச் சுத்திகரிப்பு மையம் எட்டாத தொலைதூர இடங்களில், உடல் கழிவுகளைச் சுமார் 2 மீட்டர் ஆழக் குழியில் புதைக்க அவை அனுமதிக்கின்றன. ஆனால், குழியின் அடிமட்டத்துக்குக் குறைந்தது 6 மீட்டர் கீழேதான் நிலத்தடி நீர் இருக்க வேண்டும். கார் நிக்கோபார் போன்ற தட்டையான பவளத் தீவில், கடலோரமாக அப்படி ஓர் இடம் தேடுவது எளிதல்ல. அங்கே குடிநீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம்தான். 2004 சுனாமி அங்குள்ள கிணறுகளை உப்பாக்கியது. உப்பையாவது பெய்யும் மழை மெல்ல மெல்லக் கழுவிவிடும். ஈயத்தையும் பழைய ஆயிலையும் அப்படி எளிதில் கழுவ முடியாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற, நிலநடுக்க அபாயம் மிக அதிகமான தீவுகள் இவை. எந்தக் குழியையும் நம்பி இங்கே நஞ்சை விட்டுவைக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அபாயக் கழிவை உண்டாக்குபவர் அதை 90 நாள் வரை சேமித்து வைக்கலாம். தம் மாநிலத்தில் சுத்திகரிப்பு வசதி கிடைக்காதவர்களுக்கு இந்தக் கெடு நீட்டிக்கப்படலாம். கழிவு கிளம்பிய இடம் முதல் போய்ச் சேர்ந்த இடம் வரை அதன் பயணத்தை ஏழு நகல்களில் தயாரித்த ஆவணம் பதிவுசெய்ய வேண்டும். பேட்டரியையும் மின்னணுப் பொருளையும் தயாரித்து விற்றவர்களே பழையது மறுசுழற்சி செய்யப்படுவதை உறுதிசெய்யும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு விதிகள் அவர்கள்மீது வைத்துள்ளன.

இனி செய்ய வேண்டியது

பேட்டரியும் ஆயிலும் டியூப்லைட்டும் தீவில் விளைந்தவை அல்ல, கப்பலில் வந்தவை. அதே வழியில் அவை திரும்ப வேண்டும். ஒவ்வொரு படகுத்துறையிலும் பழைய ஆயிலுக்கு மூடிய பீப்பாய், பேட்டரிக்குத் தனிக் கொட்டகை, திரும்பும் சரக்குக் கப்பலில் அவற்றுக்கென உறுதியான இடம் என இம்மூன்றையும் நிர்வாகமும் விற்பனையாளர்களும் சேர்ந்து ஏற்படுத்த வேண்டும். அதுவரை தீவுவாசிகளிடம் ஒரு வேண்டுகோள்: பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பேட்டரியை உடைக்காதீர்கள், ஒயரை எரிக்காதீர்கள். ஆயிலை மூடி போட்ட கேனில் பத்திரப்படுத்தி, உள்ளே இருப்பது என்ன என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நாளை நீங்கள் குடிக்கப்போகும் கிணற்று நீர் அந்த மூடியை நம்பித்தான் இருக்கிறது.