ஆல்பெர் காம்யு: இரு கரைகளுக்கு நடுவே

"நம்ம ஊர் எதுப்பா?" பள்ளிப் படிவத்தை நிரப்பும்போது என் மகள் கேட்டாள். பிறந்தது மும்பை; தாத்தா பாட்டி இருப்பது தஞ்சாவூர். உடனே பதில் வரவில்லை. அப்போது நினைவுக்கு வந்தவர் ஆல்பெர் காம்யு. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய 'அந்நியன்' மூலம் கல்லூரி நாட்களில் எனக்கு அறிமுகமானவர்.

காம்யு பிறந்தது 1913 நவம்பர் 7-இல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில். மறு வருடமே முதல் உலகப் போரில் தந்தை இறந்துபோனார். தாய்க்குக் காது சரியாகக் கேட்காது. எழுதப் படிக்கவும் தெரியாது. அல்ஜியர்ஸ் நகரின் பெல்கூர் பகுதியில், வீட்டு வேலை செய்துதான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். 'பையன் படிச்சது போதும்' என்றிருந்த குடும்பத்திடம் பேசி, உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்தவர் லூயி ழெர்மேன் என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1957-இல் நோபல் பரிசு கிடைத்தபோது காம்யு அந்த வாத்தியாருக்குத்தான் நன்றிக் கடிதம் எழுதினார்.

1942-இல் 'அந்நியன்', 'சிசிஃபஸ் தொன்மம்' இரண்டும் வெளிவந்தன. மனிதன் அர்த்தம் தேடுகிறான். உலகமோ மௌனமாக இருக்கிறது. இந்த முரண்பாட்டைத்தான் 'அபத்தம்' என்றார். அதற்காக விரக்தி அடையச் சொல்லவில்லை. 'கொள்ளைநோய்' (1947) நாவலின் டாக்டர் ரியூ, ஜெயிப்போமா என்று பார்க்காமல் தன் வேலையைச் செய்கிறார், அவ்வளவுதான்.

1954-இல் அல்ஜீரிய விடுதலைப் போர் மூண்டது. 'இரு தரப்பும் பொதுமக்களையாவது விட்டுவிடுங்கள்' என்று 1956-இல் அல்ஜியர்ஸில் காம்யு வேண்டினார். பலன் இல்லை. 1939-லேயே கபிலியா மக்களின் பட்டினியைப் பத்திரிகையில் எழுதியவர்தான். ஆனாலும் முழு விடுதலையை ஏற்க அவருக்கு மனம் வரவில்லை. 'அந்நியன்' கதையில் கொல்லப்படும் அரபுக்குப் பெயரே கிடையாது என்ற குறையும் நியாயமானதே.

1960 ஜனவரி 4-இல் கார் விபத்தில் இறந்தார். உடன் கிடைத்த கைப்பிரதி, 'முதல் மனிதன்', 1994-இல் வெளிவந்தது.

அவருடைய மக்கள் ஆட்சியாளர்களோடு குடியேறியவர்கள். நாம் பிழைக்க வந்தவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் மகளிடம் இப்படிச் சொன்னேன்: "ரெண்டுமே நம்ம ஊர்தாம்மா. ஆனா எங்க இருந்தாலும் பக்கத்துல இருக்கறவங்க பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்."