−60 டிகிரியில் ஓர் அடி

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. வெயிலில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். டீசலுக்கும் இதே கதிதான். அதில் கரைந்திருக்கும் மெழுகு கடுங்குளிரில் பொடிப்பொடியாகத் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும், என்ஜின் நின்றுவிடும். −33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கு அனுப்பத் தொடங்கியது இதனால்தான்.

எண்ணெய் உறைந்தால் கண்ணுக்குத் தெரியும். எஃகு அப்படியல்ல. குளிரில் பார்வைக்கு நேற்றுப் போலவே இருக்கும், குணம் மட்டும் மாறியிருக்கும். 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில், சோதனை ஓட்டம் முடிந்து கரையில் கட்டிக்கிடந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் பெருஞ்சத்தத்தோடு பிளந்தது. புயலும் இல்லை, மோதலும் இல்லை. குளிர்ந்த இரவு, சுமாரான எஃகு, கோளாறான வெல்டிங், அவ்வளவுதான்.

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் ஐதராபாத்தில் இந்தக் குளிரைப் பற்றிக் கவலைப்படும் இடம் ஒன்று உண்டு: காஞ்சன்பாக். அங்குள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம் கடற்படைக்காக உருவாக்கியது டி.எம்.ஆர். 249ஏ எஃகு. −60 டிகிரியில் அதன் சிறு துண்டை உடைக்க 78 ஜூல் ஆற்றலாவது தேவைப்பட வேண்டும் என்பது நிபந்தனை. 8 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் அடி அது.

சோதனைத் துண்டு சுண்டுவிரல் அளவுதான்: 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளம், நடுவில் 2 மி.மீ. ஆழத்தில் ஒரு வெட்டு. குளிரவைத்து எடுத்த 5 விநாடிக்குள் ஊசல் சுத்தியல் அதன்மேல் இறங்க வேண்டும். உடைத்த பிறகு சுத்தியல் மறுபக்கம் அதிகம் ஏறினால் எஃகு சுலபமாகத் தோற்றுவிட்டது என்று பொருள். உடைந்த முகமும் காட்டிக்கொடுக்கும். இழுபட்டு உடைந்தது சாம்பல் நிறத்தில் நார்நாராக இருக்கும். நொறுங்கியது கற்கண்டு போல மினுமினுக்கும்.

சூட்டில் இரும்பின் அணு அடுக்குகள் வழுக்கிக்கொடுக்கும். குளிரில் அப்படி விட்டுக்கொடுக்காததால் விரிசல் பாய்கிறது. வெடிகுண்டின் அதிரடியும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது, வழுக்க நேரமே தராமல். வெதுவெதுப்பான கடலில் ஓடும் போர்க்கப்பலுக்கும் −60 சோதனை வீணல்ல என்பது இதனால்தான்.

2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் இந்தக் குடும்ப எஃகால் கட்டப்பட்டது. செயில் நிறுவனம் தந்தது சுமார் 30,000 டன். கப்பல் கட்டிய கொச்சியில் கடல் உறைந்ததாகச் சரித்திரமே இல்லை.