பெரிய எண், நல்ல ஒலியா?

பிள்ளைகளே, நான் கணினி வேலை செய்கிறவன். ஆனால் நானே ஏமாந்தேன்!

தாத்தா வாசித்த மிருதங்கத்தைக் கேட்க ஒரு மடிக்கணினி வாங்கினேன். “192 கிலோஹெர்ட்ஸ் ஒலி” என்று பெட்டியில் போட்டிருந்தது. ஹென்டர்சன் வீட்டில் போட்டுக் கேட்டால், ‘தோம்’ சரியாகக் கேட்கவே இல்லை. ஏன்?

192 கிலோஹெர்ட்ஸ் என்றால், ஒலியை நொடிக்கு 1,92,000 முறை அளப்பது. சிடியில் 44,100 முறை. நம்ம காதுக்கு அதுவே போதும்.

மிருதங்கத்தைப் பாருங்க. ‘தோம்’ பெரிய இடது பக்கத்தில் வரும். கனத்த ஒலிக்கு நிறையக் காற்று அசையணும். குட்டி ஸ்பீக்கரால் அது முடியாது. எண் பொய் இல்லை. ஆனால் அது ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லவே இல்லை!

ஏமாற்றும் விளம்பரத்தை நியூசிலாந்தின் 1986-ஆம் ஆண்டு நியாய வணிகச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் வாங்கும் முன், தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்க.