உரிமை கோர எவருமில்லாத எலும்புகள்: அருங்காட்சியகங்களில் மனித உடல் எச்சங்களும் ஆய்வாளர் கடமையும்

முன்னுரை

அருங்காட்சியகங்களில் உள்ள மனித உடல் எச்சங்கள் குறித்த விவாதம் பெரும்பாலும் ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்துவருகிறது: அவற்றை யாரிடம் திருப்பி ஒப்படைப்பது? கேட்பவர் ஒருவர், வைத்திருப்பவர் ஒருவர் என இரு தரப்பு இருப்பதாக இக்கேள்வி கருதிக்கொள்கிறது. கேட்க ஒருவரும் இல்லாத எலும்புகளைப் பொறுத்தவரை அருங்காட்சியகத்துக்கும் ஆய்வாளருக்கும் கடமை ஏதும் உண்டா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முதுமக்கள் தாழிகளிலிருந்து எலும்புகளை எடுத்து நூற்றாண்டுக்கும் மேலாக அளந்தும் சேமித்தும் வரும் தமிழகத்திற்கு இது அயலார் சிக்கல் அன்று.

உரிமை கோருவோரும் சட்டமும்

2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன் உடற்கூற்றியல் தொகுப்பிலிருந்த ஒன்பது மண்டையோடுகளை இலங்கையின் வேடர் சமூகத் தலைவரிடம் ஒப்படைத்தது. 2024 அக்டோபரில் இங்கிலாந்தின் ஏல நிறுவனம் ஒன்று, கொம்பு பொருத்தப்பட்ட நாகர் மண்டையோட்டை விற்பனைக்கு அறிவித்தபோது, நாகாலாந்து முதலமைச்சர் இந்திய வெளியுறவுத் துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மண்டையோடு ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளிலும் தம் முன்னோர் எனச் சொல்லி முன்வரும் சமூகம் இன்றும் வாழ்கிறது. அச்சமூகத்தின் குரலே முடிவைத் தீர்மானித்தது.

சட்டங்களும் இக்குரலையே எதிர்பார்க்கின்றன. பூர்வகுடியினரின் கல்லறைகள் குறித்து அமெரிக்கா 1990இல் இயற்றிய சட்டம், நேரடி வழித்தோன்றல் அல்லது பண்பாட்டுத் தொடர்பு நிறுவப்படுவதை அடிப்படையாகக் கொண்டது. பிரித்தானியாவின் 2004ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம், ஆயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்ட எச்சங்களைத் தொகுப்பிலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தை ஒன்பது தேசிய அருங்காட்சியகங்களுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டு வெளியான அரசு வழிகாட்டி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டவற்றுக்கான கோரிக்கைகள் வெற்றி பெறுவது அரிது என்றும், 500 ஆண்டுகளைக் கடந்தவை பொதுவாகப் பரிசீலனைக்கே வாரா என்றும் கூறியது. மிக நெருங்கிய, அறுபடாத தொடர்பு இருந்தால் மட்டுமே விலக்கு. காலம் கூடக்கூட இறந்தவர் மனிதர் என்னும் நிலையிலிருந்து தொல்பொருள் என்னும் நிலைக்கு நழுவுகிறார். இந்நழுவல் எந்த ஆண்டில் நிகழ்கிறது என்பதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. அது நிர்வாக வசதிக்கான எல்லைக்கோடு.

அக்கோடு எவ்வளவு பலவீனமானது என்பதைக் கெனெவிக் மனிதரின் வழக்கு காட்டுகிறது. 1996இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில், ஏறத்தாழ 8,500 ஆண்டுப் பழமையான எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. யுமட்டில்லா, யாக்கமா உள்ளிட்ட ஐந்து பூர்வகுடிச் சமூகங்கள் தம் மூதாதையை அடக்கம் செய்யத் தருமாறு கேட்டன. ஆய்வு செய்யும் உரிமை வேண்டி எட்டு அறிவியலாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இன்றைய பூர்வகுடியினருடன் இவ்வெலும்புகளுக்குத் தொடர்பு இருப்பதற்குச் சான்றில்லை எனத் தீர்ப்பளித்தது. 2015இல் வெளியான மரபணு ஆய்வோ, அம்மனிதர் உலகின் வேறெந்த மக்களையும்விட அமெரிக்கப் பூர்வகுடியினருக்கே நெருக்கமானவர் என நிறுவியது. 2017 பிப்ரவரியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்நிகழ்வை அறிவியலின் வெற்றியாகச் சொல்வோரும் உண்டு, தோல்வியாகச் சொல்வோரும் உண்டு. இரண்டும் முழுமையல்ல என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சமூகங்கள் தொடக்கம் முதலே வாய்மொழி மரபின் வழியாகச் சொல்லிவந்ததை ஆய்வகம் உறுதிசெய்ய இருபது ஆண்டுகளாயின. அதுவரை அவர்களது சொல் சான்றாக ஏற்கப்படவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

விருப்பம் தெரிந்தும் மீறப்பட்ட உடல்

வழித்தோன்றல் முன்வராத நிலையிலும் இறந்தவரின் விருப்பம் தெரிந்திருக்கலாம். அயர்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் பர்ன் ஏறத்தாழ ஏழரை அடி உயரம் கொண்டவர். இலண்டனில் தம் உயரத்தைக் காட்சிப்படுத்திப் பிழைத்தவர். தம் உடல் உடற்கூற்றியலாளர் கையில் சிக்கக்கூடாது, கடலில் இறக்கப்பட வேண்டும் என்று அவர் விரும்பியதாக அக்காலச் செய்திகள் தெரிவிக்கின்றன. 1783இல், 22 வயதில் அவர் இறந்ததும் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் பணம் கொடுத்து உடலைக் கைப்பற்றினார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அவ்வெலும்புக்கூடு இலண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் நின்றது.

இதில் ஆய்வுத் தரப்பின் வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. 1909இல் ஹார்வி குஷிங் மண்டையோட்டைத் திறந்து பார்த்துப் பிட்யூட்டரிச் சுரப்பி அமைந்திருந்த குழி விரிந்திருப்பதைக் கண்டார். 2011இல் வெளியான ஆய்வு, பர்னின் பற்களிலிருந்து பெற்ற மரபணுவில் ஒரு பிறழ்வைக் கண்டறிந்து, அதே பிறழ்வு வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் இருப்பதைக் காட்டியது. உயிரோடிருப்போர்க்குப் பயன்பட்ட ஆய்வு அது. ஆயினும் மாதிரி எடுக்கப்பட்டபின் எலும்புக்கூடு கண்ணாடிப் பேழையில் தொடர்ந்து நிற்க வேண்டியதற்கு அது காரணமாகாது என அதே ஆண்டில் அறவியல் தரப்பினர் மருத்துவ இதழொன்றில் வாதிட்டனர். 2023இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது அருங்காட்சியகம் எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து அகற்றியது, ஆய்வுக்காக வைத்துக்கொண்டது. காட்சியையும் ஆய்வையும் தனித்தனியாகப் பிரித்தது வரவேற்கத்தக்கது. கடலடக்கம் என்னும் விருப்பமோ இன்றும் நிறைவேறவில்லை.

ஆதிச்சநல்லூரும் கொந்தகையும்

பெயரும் தெரியாது, விருப்பமும் தெரியாது, கோருவோரும் இல்லை என்னும் நிலையே தமிழகத் தாழிக்காடுகளுக்கு உரியது. தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டி எடுத்த மட்கலங்கள், இரும்புக் கருவிகள் ஆகியவற்றோடு எலும்புகளும் மண்டையோடுகளும் பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வின் பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அம்மண்டையோடுகளைப் பற்றிச் சாலி சுக்கர்மன் எழுதிய ஆய்வு 1930இல் அவ்வருங்காட்சியக வெளியீடாக வந்தது. மண்டையோட்டு அளவுகளைக் கொண்டு மக்களை இன வகைகளாகப் பிரிப்பது அக்காலத்து நடைமுறை. அவ்வகைப்பாட்டின் அறிவியல் அடிப்படை பின்னர்த் தகர்ந்தது. அது இட்ட பெயர்கள் மட்டும் பாடநூல்களிலும் மேடைகளிலும் நெடுங்காலம் உலவின. எலும்புக்குச் செய்யப்பட்ட தீங்கு அதை எடுத்ததில் மட்டும் இல்லை, அதன்மேல் ஒட்டிய முத்திரையிலும் உள்ளது.

இன்று அளவுகோலின் இடத்தை மரபணு பெற்றுள்ளது. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகைத் தாழிகளில் கிடைத்த இரு மண்டையோடுகளின் அடிப்படையில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் உருவாக்கிய முகங்கள் 2025இல் வெளியாயின. அவை ஊடகங்களில் பரவிய வேகத்தில், 'நம் மூதாதை இவர்' என்னும் உரிமைப் பேச்சும் உடன் எழுந்தது. அடக்கத்துக்காக உரிமை கோர முன்வராத சமூகம், அடையாளத்துக்காக உரிமை கோர முன்வருகிறது என்னும் முரணை இங்குச் சுட்டியாக வேண்டும். தொல்மரபணு ஆய்வுக்கு எலும்பைத் துளையிட வேண்டும் அல்லது பொடியாக்க வேண்டும். செலவழிந்த பகுதி மீளாது. காதின் உட்பகுதியைச் சூழ்ந்த அடர்ந்த எலும்பும் பற்களுமே இதற்குப் பெரிதும் நாடப்படுகின்றன. ஒவ்வொரு மண்டையோட்டிலும் அவ்வெலும்பு இரண்டே உண்டு.

தனிமனிதர் விருப்பம் தெரியாதபோது அடக்கமுறையின் நோக்கத்தையேனும் அறிய முடியுமா? புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தானும் உடன் அடங்குமாறு தாழியை அகலமாகச் செய்யும்படி குயவனிடம் வேண்டுகிறாள். ஆதிச்சநல்லூருக்கோ கொந்தகைக்கோ இதை நேரடிச் சான்றாகக் கொள்ளலாகாது. எனினும் தாழி என்பது சேமிப்புக் கலன் அன்று, பிரியாதிருக்க வேண்டி அமைத்த இடம் என்னும் எண்ணம் இம்மொழியின் தொன்மையான இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. எலும்பை ஓரிடத்திலும் தாழியை வேறோரிடத்திலும் பதிவு செய்யும் வழக்கம் இவ்வெண்ணத்துக்கு நேர் எதிரானது.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தில் மனித எச்சங்களுக்கெனத் தனிப்பிரிவு இல்லை. உலக அருங்காட்சியக மன்றத்தின் அறநெறித் தொகுப்பு, மனித எச்சங்களைப் பாதுகாப்பாகவும் மதிப்புடனும் வைத்திருக்கவும், அவை தோன்றிய சமூகத்தின் நம்பிக்கைகளைக் கருத்தில் கொள்ளவும் கோருகிறது, அது சட்டமன்று. அமெரிக்கா 2024இல் தன் விதிகளைத் திருத்தி, பண்பாட்டுத் தொடர்பு அறிய இயலாதவை என எச்சங்களை ஒதுக்கிவைத்த வகையையே நீக்கியது. காட்சிக்கும் ஆய்வுக்கும் முன்னரே ஒப்புதல் பெறுவதைக் கட்டாயமாக்கியது. அதை அப்படியே இங்குப் பொருத்த இயலாது. ஒப்புதல் தர வேண்டியவர் யார் என்பதே நம் சிக்கல். அகழாய்வு நடக்கும் ஊரின் கிராம சபை வழித்தோன்றல் என்னும் தகுதியில் இல்லாவிட்டாலும், அம்மண்ணில் வாழ்வோர் என்னும் தகுதியில் கேட்கப்படலாம். எத்தனை மண்டையோடுகளில் துளையிடப்படும், எவை துளையிடப்படாமல் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு விடப்படும், மாதிரி எடுத்தபின் எஞ்சும் எலும்பு தாழியோடு சேர்த்து வைக்கப்படுமா, எந்த ஊரில் வைக்கப்படும் என்பவை அகழாய்வு அறிக்கையில் மண்ணடுக்கு விவரங்களுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.