ஓரெழுத்து மாறினால் கை திசை மாறும்!

எழுந்து நின்று வலக்கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். பிறகு மெல்ல இறக்கி உடலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் அசைவு ‘அப்டக்‌ஷன்’, அடுத்தது ‘அடக்‌ஷன்’. இலத்தீனில் ‘அப்’ என்றால் விலகி, ‘அட்’ என்றால் நோக்கி. ஓரெழுத்து மாறினால் கை எதிர்த்திசையில் போய்விடுகிறது!

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் கார்களும் மின்னணுக் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் பல உள்ளன. அங்கே நாள் முழுவதும் ஒரே வகை வேலையைச் செய்யும் ஒருவருக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டில் வலி வருவதாக வைத்துக்கொள்வோம். கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்களின் உறை தடித்து, அவை உராய்வதால் வருவது இது. 1895-ஆம் ஆண்டு இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வெய்னின் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். (மனப்பாடம் செய்வோர் பாடு திண்டாட்டந்தான்!)

மருத்துவர் தம் முடிவைச் சொல்லிப் பதிவு செய்கிறார். அதைக் கேட்டு இன்னொருவர் தட்டச்சு செய்கிறார். 1990-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க மருத்துவர்களின் குரலைக் கேட்டுச் சென்னையில் பலர் இவ்வேலையைச் செய்தனர். இன்று கணினியே பேச்சை எழுத்தாக்குகிறது; ஆயினும் பிழை பார்க்க மனிதர் தேவை.

ஏன்? ‘இலியம்’ என்று காதில் விழுகிறது. அது இடுப்பெலும்பின் மேற்பகுதியா, சிறுகுடலின் கடைப்பகுதியா? ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று வேறு, ஒலி ஒன்றே. தமிழில் எழுதினாலோ எழுத்தும் ஒன்றே! ‘முறிவு’ என்ற சொல் அருகில் வந்தால் எலும்பு என்று அறியலாம். எண்களில் அந்த உதவியும் கிடையாது. முழங்கால் மடங்குவது ‘பிஃப்டீன்’ பாகையா, ‘பிஃப்டி’ பாகையா? பதினைந்தை ஐம்பதாக எழுதிவிட்டால், விறைத்துப்போன கால் நன்கு தேறி வருவதாக இயன்முறை மருத்துவர் எண்ணிவிடுவார். அதனால்தான் கவனமுள்ள மருத்துவர்கள் “ஒன்று, ஐந்து” என்று இலக்கங்களைப் பிரித்துச் சொல்கிறார்கள்.

பெயரையே மாற்றியதும் உண்டு. காலின் வெளிப்புறத்து நரம்பு ‘பெரோனியல்’ எனப்பட்டது. ‘பெரினியல்’ என்பதோ தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதியைக் குறிப்பது. 1998-இல் வெளிவந்த பன்னாட்டு உடற்கூற்றுச் சொற்பட்டியல் அந்த நரம்புக்கு ‘ஃபிபுலார்’ என்ற பெயரை முன்வைத்தது.

தமிழிலும் இப்பணி பழையதே. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான சொற்களையும் உருவாக்கினார்.

கழுத்துக்குக் கீழே இருபுறமும் குறுக்காக ஓடும் எலும்பைத் தடவிப் பாருங்கள். இலத்தீன்காரர் அதில் ஒரு சிறு சாவியைக் கண்டு ‘கிளாவிக்கிள்’ என்றனர். நமக்கு அது காறையெலும்பு. காறை என்பது கழுத்தில் அணியும் நகை.