கெளுத்திக்கு நோய் வந்தால்

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் தடாவைக் கடந்ததும் சிறிது நேரத்தில் வரும் ஊர் சூளூர்பேட்டை. ஊரை ஒட்டிக் காளங்கி ஆறு செல்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. அதன் நடுவே இட்ட சாலையைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. தெலுங்கும் தமிழும் ஒருங்கே புழங்கும் இப்பகுதி மக்களுக்குக் கெளுத்தி மீன் புதியதன்று. அதன் மீசையையும் அறிவார்கள். முள் குத்தினால் எவ்வளவு கடுக்கும் என்பதையும் அறிவார்கள். ஆயினும் குழம்புச் சட்டியில் கண்ட கெளுத்தியைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும்போது, அதற்கு உடல்நலம் குன்றினால் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சிலரே.

அத்தகைய தொட்டி ஒன்றைச் சென்ற கோடையில் நாம் பார்க்க நேர்ந்தது. நம் நண்பர் ஒருவர் அவ்வூரில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பேத்தியின் விருப்பத்திற்காகச் சென்னைக் கொளத்தூரில் உள்ள வண்ண மீன் கடைத்தெருவிலிருந்து ஆறு சிறு கெளுத்திகளை வாங்கி வந்து, 100 லிட்டர் தொட்டியில் விட்டிருந்தார். அவை கோரிடோரஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. தென் அமெரிக்க ஆறுகளே அவற்றின் தாயகம். எட்டு மாதம் நன்றாக இருந்தன. ஒருநாள் இரண்டு மீன்கள் மணலில் ஒருக்களித்துக் கிடந்தன. மற்றவை மேலே வருவதும் கீழே இறங்குவதுமாகத் தவித்தன. உடலில் வெண்மையாக ஏதோ தெரிந்தது. நண்பர் பதறி முதல் நாள் நீல மருந்தை ஊற்றினார். மறுநாள் பச்சை மருந்தை ஊற்றினார். மூன்றாம் நாள் ஒரு கைப்பிடி உப்பையும் போட்டார். நாம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மீன்கள் இறந்துவிட்டன. "இத்தனை மருந்து ஊற்றியும் ஏன் தாத்தா செத்துப்போயிற்று?" என்று அந்தப் பெண் கேட்டாள். அக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கெளுத்தியின் உடலமைப்பைச் சற்று அறிந்துகொள்வோம். கெண்டைக்கும் விராலுக்கும் உள்ளதுபோன்ற செதிள்கள் கெளுத்தி இனத்திற்கு இல்லை. பலவற்றிற்கு வெறுந்தோலே போர்வை. கோரிடோரஸ் போன்ற சிலவற்றிற்குப் பக்கங்களில் எலும்புத் தகடுகள் கவசம்போல் அமைந்துள்ளன. ஆனால் வயிற்றுப்புறம் வெறுந்தோல்தான். ஆகவே நீரில் கரைந்த மருந்து, செதிள் மீனைக் காட்டிலும் கெளுத்தியை எளிதில் தாக்கும். அதன் மீசை அழகுக்கு அமைந்ததன்று. அது நாவும் விரலும் சேர்ந்த உறுப்பு. அடித்தரையைத் தடவிச் சுவை பார்த்தே கெளுத்தி இரை தேடுகிறது. மேலும், தொட்டியின் அழுக்கு முழுவதும் படிவது அடியில். கெளுத்தி வாழ்வதும் அடியில். நீர் கெடும்போது முதலில் துன்புறுவது அதுவே.

இனி, நோயைக் கண்டறியும் முறை. மனிதனைப்போல மீன் வலியைச் சொல்லாது. நாம்தான் பார்த்து அறிய வேண்டும். கால்மணி நேரம் தொட்டியின் முன் அமைதியாக உட்கார்ந்து பார்ப்பது, எந்த மருந்தையும்விட முதன்மையானது.

செவுள் மூடி எவ்வளவு விரைவாக அசைகிறது? தொட்டியிலுள்ள மற்ற மீன்களும் அவ்வாறே மூச்சு வாங்குகின்றனவா? எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் தவித்தால், குற்றம் பெரும்பாலும் நீரில்தான். ஒன்று மட்டும் வாடி மற்றவை நலமாயிருந்தால், அந்த ஒன்றிடம் நோயைத் தேடலாம்.

மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீனைக் கண்டு உடனே அஞ்ச வேண்டியதில்லை. கோரிடோரஸ் இடையிடையே மேலே பாய்ந்து காற்றை விழுங்கும். அதன் குடலே அக்காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்தெடுக்கும். நம் ஏரிகளிலுள்ள தேளி மீனுக்கும் காற்றைச் சுவாசிக்கத் தனிப் பைகள் உண்டு. எனவே எப்போதாவது மேலே வருவது இயல்பு. நிமிடந்தோறும் வருவதும், மேலேயே தங்கிவிடுவதும்தான் அபாயக்குறி.

மீசை தேய்ந்து கட்டையாகியிருந்தால் அடித்தரை அழுக்கேறியது என்றும், கூரிய சரளைக்கல் உறுத்துகிறது என்றும் ஐயுறலாம். வயிறு ஒட்டியிருந்தால் பட்டினி. "கெளுத்தி அழுக்கைத் தின்று வாழும், தனியே இரை வேண்டாம்" என்ற தவறான எண்ணத்தால் பட்டினி கிடந்து மடியும் மீன்கள் பல. விளக்கணைத்த பின்பு, அடியில் அமிழும் இரையை அளவாக இடவேண்டும். வயிறு வீங்கி உடல் உப்பியிருந்தால் உள்ளுறுப்புகள் கெட்டிருக்கலாம். அது மிகக் கடினமான நிலை.

இவ்வாறு மீனைப் பார்த்த பின், மருந்துப் புட்டியை நாடாமல் நீரைச் சோதிக்க வேண்டும். வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவத்தைச் சில துளிகள் விட்டால், நீர் மாறும் நிறத்தைக்கொண்டு அதிலுள்ள நஞ்சை அறியலாம்.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியிடுகிறது. எஞ்சிய இரை அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். இது செவுளைத் தீய்க்கும் நஞ்சு. ஆனால் வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு சில நுண்ணுயிர்கள் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் ஆகும். நிலைபெற்ற தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருத்தல் வேண்டும். நைட்ரைட் மிகுந்தால் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும்; செவுள் பழுப்பேறும்; காற்று நிறைந்த நீரிலும் மீன் மூச்சுத் திணறும்.

நீரின் காரத்தன்மையையும் கவனிக்க வேண்டும். அமில காரத்தைக் குறிக்கும் பி.எச். எண் 7-இலிருந்து 8-ஆக உயர்ந்தால், நஞ்சான வடிவில் உள்ள அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்கு ஆகிவிடும். கடலும் உப்பேரியும் அருகிலுள்ள ஊர்களில், ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினமுமாக இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே தொட்டி வைப்போர் இதனை மறக்கலாகாது. வெப்பமும் அத்தகையதே. 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் மட்டுமே தாங்கும். சித்திரை வைகாசியில் காற்றுக் குமிழிக் கருவியை நிறுத்தாதிருப்பதே பாதி மருத்துவம்.

நம் நண்பர் வீட்டில் நடந்தது என்ன? நீரைச் சோதித்தபோது அம்மோனியா மிகுதியாகக் காணப்பட்டது. விசாரித்ததில், மீன்கள் நோயுறுவதற்கு நான்கு நாள் முன்பு, தொட்டியைச் சுத்தம் செய்யும் ஆர்வத்தில் வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசிவிட்டதாகச் சொன்னார். அழுக்கோடு நுண்ணுயிர்களும் போயின. குழாய் நீரிலிருந்த குளோரின் எஞ்சியவற்றைக் கொன்றது. அதன் பின் ஊற்றிய மருந்துகள் அவை மீண்டும் தலையெடுக்கவும் இடங்கொடுக்கவில்லை. மீன் உடலில் தெரிந்த வெண்மையோ, எரிச்சலால் தோல் மிகையாகச் சுரந்த கோழைப்படலம், கிருமி அன்று.

அவ்வாறெனில் உண்மையான வெண்புள்ளி நோய் எவ்வாறிருக்கும்? உப்பைத் தூவினாற்போல, தனித்தனியாக, ஒரு மில்லிமீட்டருக்கு மிகாத புள்ளிகள் துடுப்பிலும் உடலிலும் தோன்றும். மீன் கல்லில் உராய்ந்துகொள்ளும். நெல்லூர்க் கரையோர இறால் பண்ணையாளர் அஞ்சும் வெண்புள்ளி நோய் வேறு. அது வைரஸால் வருவது. பெயர் ஒன்றேயன்றி இரண்டுக்கும் உறவில்லை. மீனின் வெண்புள்ளிக்குக் காரணம் ஓரணு உயிர் ஒன்று. அது மீனின் தோலுக்கடியில் வளர்ந்து, முதிர்ந்ததும் உதிர்ந்து, அடித்தரையில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அக்குஞ்சுகள் நீந்திச் சென்று இரண்டொரு நாளில் ஒரு மீனைப் பற்றாவிட்டால் மடியும். மருந்து கொல்வது நீந்தும் குஞ்சுகளை மட்டுமே; தோலுக்குள் இருப்பதை அது தொடாது. ஆகவே புள்ளிகள் மறைந்ததும் மருத்துவத்தை நிறுத்துவது பெரும்பிழை. கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடர வேண்டும்.

மார்கழிக் குளிரில் நீரின் வெப்பம் திடீரெனக் குறையும்போது இந்நோய் தலைதூக்குவதுண்டு. நீரைச் சிறிது சிறிதாக 30 டிகிரி வரை சூடேற்றினால் கிருமியின் வாழ்க்கைச் சுற்று விரைந்து முடியும். மருந்தும் விரைவில் பலன் தரும். ஆனால் புள்ளியாக இல்லாமல், சாம்பல் வெண்மையாகத் திட்டுத்திட்டாய், பஞ்சு படர்ந்தாற்போல வாயிலோ முதுகிலோ தென்பட்டால் அது பெரும்பாலும் பாக்டீரியா நோய். அதற்குச் சூடு பகை; வெப்பம் ஏற ஏற நோய் விரைந்து பரவும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு எமனாவதைக் கவனியுங்கள். அறியாமல் மருத்துவம் செய்வதன் ஆபத்து இதுவே. இப்பாக்டீரியா நோய்க்கு வேண்டிய மருந்தைத் தக்கவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். முத்துக்கூரிலும் பொன்னேரியிலும் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன. கால்நடை மருத்துவரையும் அணுகலாம்.

இனி, செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்வோம். முதலாவது, நீரில் கால் பங்கை மாற்றுக. அம்மோனியா இருக்குமாயின் நாள்தோறும் மாற்றுக. குழாய் நீரானால் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தோ, குளோரின் நீக்கும் மருந்திட்டோ சேர்க்க வேண்டும். சூடும் தொட்டி நீரை ஒத்திருக்க வேண்டும். முழு நீரையும் ஒரே நாளில் மாற்றுவது நலிந்த மீனுக்கு அதிர்ச்சி. இரண்டாவது, இரையை இரண்டு நாள் நிறுத்துக. மூன்றாவது, காற்றோட்டத்தைக் கூட்டுக. நோயென்று உறுதியான பின்பே மருந்து.

ஒரு மீனுக்கு மட்டும் நோயாயின், அதைத் தனித் தொட்டியில் வைத்து மருந்திட வேண்டும். மெத்திலின் நீலம் போன்றவை வடிகட்டியின் நுண்ணுயிர்களையும் கெடுக்கும். பிடிக்கும்போது வலை வேண்டாம். துடுப்பு முள் வலையில் சிக்கும். ஒரு குவளையால் நீரோடு முகந்தெடுக்கலாம். வெண்புள்ளி நோய் தொட்டி முழுவதும் பரவியிருக்குமாதலால், அதற்கு மட்டும் தொட்டி முழுமைக்கும் மருத்துவம் வேண்டும். மாலக்கைட் பச்சை சேர்ந்த மருந்தைக் கெளுத்திக்குப் புட்டியில் எழுதிய அளவில் பாதியே தொடங்க வேண்டும். உணவுக்காக வளர்க்கும் மீனுக்கு அம்மருந்து அறவே ஆகாது. தாமிரம் சேர்ந்த மருந்தைக் கெளுத்தித் தொட்டியில் தவிர்ப்பது நன்று. வடிகட்டியில் கரி இருந்தால் மருந்திடும் நாட்களில் எடுத்துவிடவேண்டும். இல்லையேல் மருந்தைக் கரியே உறிஞ்சிவிடும். மருத்துவம் முடிந்தபின் அதே கரி எஞ்சிய மருந்தை நீக்க உதவும்.

உப்பும் மருந்தே, ஆகவே அதற்கும் அளவுண்டு. நைட்ரைட் நஞ்சுக்கு, லிட்டருக்கு ஒரு கிராம் உப்பை வேறு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், நஞ்சு செவுளுக்குள் புகுவதைத் தடுக்கும். பழவேற்காட்டின் கெளுத்தி உப்புநீரில் பிறந்தது. அமேசானின் கெளுத்தி மென்னீரில் பிறந்தது. ஒன்றுக்கு ஏற்றது மற்றதற்கு ஏற்கும் என்று கைப்பிடிக் கணக்கில் போடலாகாது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். நோயுற்ற மீனையோ, தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்த மீனையோ இரக்கப்பட்டு ஆற்றில் விடுவோர் உளர். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் தென் அமெரிக்கக் கெளுத்தி இவ்விதமாகவே நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் புகுந்து பெருகிவிட்டது. முட்கவசத்தால் வலைகளைக் கிழிப்பதால், தெலுங்கு மீனவர் அதைப் 'பேய் மீன்' என்ற பொருள்பட அழைக்கின்றனர். நம் தொட்டியின் துன்பத்தைக் காளங்கிக்கும் ஏரிக்கும் அனுப்புவது இரக்கமன்று.

நண்பர் வீட்டில் எஞ்சிய நான்கு மீன்களுக்கு நாம் புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மருந்தையும் உப்பையும் நீக்கவே முயன்றோம். நாள்தோறும் கால் பங்கு நீரை மாற்றி, கரியிட்டு, அக்கம்பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய வடிகட்டிப் பஞ்சு ஒன்றை வாங்கி வைத்தோம். ஐந்தாம் நாள் மீன்கள் மணலைக் கிளறத் தொடங்கின. மூன்றாம் வாரம் சோதனைக் குழாயில் அம்மோனியாவின் நிறம் தெரியவில்லை. நான்கும் பிழைத்தன.

பேத்தியின் கேள்விக்கு நண்பரே விடை சொன்னார்: "மீனுக்கு நோயில்லை, அம்மா, தண்ணீருக்குத்தான் நோய். நான் மாற்றி மாற்றி மருந்து ஊற்றினேன்." இப்போது பஞ்சை அலசுவது அந்தப் பெண்ணின் வேலை. தொட்டியிலிருந்து எடுத்த நீரை வாளியில் வைத்து, அதில்தான் அலசுகிறாள்.